பாக் பிறந்த நாட்டில் இந்தப் பாட்டா?

கே: ஜெர்மனியில் கல்யாணம், கார்னிவல், பீர் திருவிழா எங்கே போனாலும் பாடகி ஹெலெனெ ஃபிஷரின் 'ஆட்டெம்லோஸ் டுர்ஷ் டி நாஹ்ட்' பாட்டுதான் அலறுகிறது. இசைமேதைகள் பாக்கும் பீத்தோவனும் பிறந்த நாட்டின் ரசனை இப்படியா தேய வேண்டும்?

ப: முதலில் ஒரு தகவல். அந்தப் பாட்டை எழுதியவர் பெயரும் பாக்தான், கிறிஸ்டினா பாக். உங்கள் பாக்குக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர்.

ரசனை தேய்ந்துவிட்டது என்றால் ஒரு காலத்தில் ஜெர்மானியர்கள் எல்லாரும் பொழுது விடிந்ததும் பியானோ சொனாட்டாதான் கேட்டார்கள் என்றாகிறது. அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை. லேசான மெட்டு, காதல், ஏக்கம், இரண்டாம் தடவை கேட்கும்போதே கூடச் சேர்ந்து பாட வந்துவிடும் பல்லவி, இதுதான் ஷ்லாகர் என்கிற ஜெர்மன் ஜனரஞ்சகப் பாட்டு வகை, இதற்கென்றே இசட்.டி.எஃப். தொலைக்காட்சி 1969-லேயே தனி நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. படித்தவர்கள் அன்றைக்கும் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள்.

ஃபிஷர் சைபீரியாவில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோரோடு ஜெர்மனிக்கு வந்து, மியூசிக்கல் நாடகத்துக்காக முறையாகப் பாட்டும் நடிப்பும் படித்தவர். 2013 கடைசியில் வந்த இந்தப் பாட்டில் பழைய ஷ்லாகருக்கு அடியில் கிளப் டிரம்மை ஓடவிட்டார்கள், வரிகளும் ராத்திரி நகரத் தெரு, கிளப் என்றே போகின்றன, அதனால்தான் 'பாட்டி காலத்துப் பாட்டு' என்று ஒதுங்கி நின்ற பிள்ளைகளும் கிண்டலாக ஆட ஆரம்பித்து அப்புறம் நிஜமாகவே ஆடினார்கள். வேடிக்கை என்னவென்றால் ஜெர்மன் ஹிட் பாட்டுப் பட்டியலில் அது முதலிடத்தைத் தொட்டதே இல்லை. மூன்றாவது இடம்தான், ஆனால் 100 வாரத்துக்கு மேல் பட்டியலை விட்டு இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. 2014 ஜூலையில் கால்பந்து உலகக் கோப்பையோடு பெர்லின் திரும்பிய வீரர்கள் பிராண்டன்பர்க் வாயில் முன்னால் ஃபிஷரோடு சேர்ந்து பாடியதும் இதைத்தான். அந்த மேடையில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியா வாசிக்கச் சொல்கிறீர்கள்?

சலிப்பு வரவில்லையா என்றால், வந்தது. 2017 மே மாதம் அதே பெர்லினில், ஜெர்மன் கோப்பை இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் ஃபிஷர் பாட வந்தபோது இரண்டு அணி ரசிகர்களும் சேர்ந்து விசிலடித்தே விரட்டப் பார்த்தார்கள். கோபம் பெரும்பாலும் ஃபிஷர்மேல் இல்லை, ஆட்டத்தின் நடுவில் கச்சேரியைச் செருகிக் காசு பார்க்கிறது என்று கால்பந்துச் சங்கத்தின்மேல். பாட்டு மட்டம் என்று சொல்லாமல், அதை எங்கே பார்த்தாலும் திணிக்கிறார்கள் என்று சொல்லுங்கள், சரி, நானும் உங்களோடு சேர்ந்து விசிலடிக்கிறேன்.