36 மாத அப்கிரேடா, கையில் காசு கொடுத்து வாங்குவதா?

கேள்வி: என் மொபைல் கான்ட்ராக்டின் இரண்டு வருடம் அடுத்த மாதம் முடிகிறது. இப்போது இருப்பது சாம்சங் ஏ14, 64 ஜிபி. வாட்ஸப் படங்களாலேயே நிரம்பிவிட்டது. 'உங்களுக்கு அப்கிரேட் வந்துவிட்டது, புதுக் கான்ட்ராக்டில் புதுப் போன் எடுக்கலாம்' என்று தினமும் போன் வருகிறது. சாம்சங் ஏ36, மாதம் 399 ராண்ட், 36 மாதம், அதில் 2 ஜிபி டேட்டாவும் 100 நிமிடப் பேச்சும் அடக்கம் என்கிறார்கள். அதே போன் கடையில் ரொக்கத்துக்கு 7,499 ராண்ட். டவுனில் ஒரு சின்னக் கடையில் துபாய் சரக்கு என்று 5,800க்குத் தருகிறார்கள். தங்கை மகனோ ரெட்மி வாங்குங்கள், 108 மெகாபிக்சல் என்கிறான். வீட்டில் வைஃபை இருக்கிறது. கோயில் பாட்டு வகுப்பைப் பதிவு செய்ய வேண்டும், காவடி அன்று வீடியோ எடுக்க வேண்டும், தஞ்சாவூரில் இருக்கும் அக்காவோடு பேச வேண்டும், பேங்க் ஆப் ஓட வேண்டும், தமிழில் டைப் செய்ய வேண்டும். எதை வாங்கலாம்?
- வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, போனைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 399ஐ 36ஆல் பெருக்கினால் 14,364 ராண்ட். கடை விலை 7,499ஐக் கழித்தால் மீதி 6,865. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 190 ராண்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது 2 ஜிபி டேட்டாவுக்கும் 100 நிமிடத்துக்கும் மாதாமாதம் 190 ராண்ட், மூன்று வருடம் விடாமல் கட்டப்போகிறீர்கள். வீட்டில் வைஃபை இருக்கிறது, அக்காவோடு பேசுவதும் வாட்ஸப்பில்தான். வெளியில் டேட்டா தேவைப்படுவது கோயிலிலும் கடைத்தெருவிலும் மட்டும் என்றால் ப்ரீபெய்டில் இதைவிடக் குறைவாகவே செலவாகும். தேவைப்படாத மாதத்தில் ஒன்றும் போட வேண்டாம்.

இந்தக் கணக்கை உங்களைக் கூப்பிடும் பெண் ஒருநாளும் சொல்லமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் முன்னால் இருக்கும் திரையில் 399 மட்டும்தான் தெரியும். மொத்தம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே போனின் நிறத்துக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, பல ஒப்பந்தங்களில் கட்டணத்தை இடையில் உயர்த்தும் உரிமையை நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்கிறது. 'இன்சூரன்ஸ் சேர்த்துவிடட்டுமா?' என்று நடுவில் ஒரு கேள்வி வரும், நீங்கள் 'ம்' என்றாலே அது சம்மதமாகப் பதிவாகிவிடும்.

ஆகவே என் யோசனை: போனை ரொக்கத்துக்கு வாங்குங்கள், கான்ட்ராக்டை முடித்து சிம்மை ப்ரீபெய்டுக்கு மாற்றுங்கள். இதே எண் உங்களிடமே இருக்கும். வேறு நிறுவனத்துக்குப் போனாலும் எண்ணைக் கையோடு கொண்டுபோகலாம், 2006லிருந்தே இந்த வசதி நம் நாட்டில் இருக்கிறது. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சிம் பதிவுக்குக் கேட்பார்கள்.

இங்கே ஒரு பொறி. இரண்டு வருடம் முடிந்தால் கான்ட்ராக்ட் தானாக நின்றுவிடும் என்றுதான் நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். நிற்காது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் அது மாதாமாதம் நீண்டுகொண்டே போகும். போனுக்கும் சேவைக்கும் சேர்த்து ஒரே தொகை கட்டும் கான்ட்ராக்டாக இருந்தால், போனுக்கான காசு கட்டித் தீர்ந்த பிறகும் பழைய தொகையே போய்க்கொண்டிருக்கும். ஒப்பந்தம் முடிய 80லிருந்து 40 வேலைநாள் இருக்கும்போதே நிறுவனம் உங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். உங்களுக்கு அடுத்த மாதம் முடிகிறது என்றால் அந்தக் கடிதம் எப்போதோ வந்திருக்க வேண்டும். வந்ததா? சலுகைக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் எங்கேயாவது புதைந்திருக்கிறதா என்று தேடுங்கள். எப்படியானாலும் இன்றைக்கே ஒரு ஈமெயில் அனுப்புங்கள்: 'இந்தத் தேதியோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன், எண்ணை ப்ரீபெய்டுக்கு மாற்றுங்கள்.' போனில் சொன்னால் போதும் என்பார்கள். போதாது, எழுத்தில் வேண்டும்.

36 மாதம் என்பதும் சாதாரண விஷயமில்லை. இந்தச் சட்டத்தின் விதிகள் இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 24 மாதம்தான் உச்சம் என்கின்றன. அதற்கு மேல் போக வேண்டுமானால் நீங்கள் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும், அதனால் உங்களுக்குப் பண லாபம் உண்டு என்று நிறுவனமும் காட்ட வேண்டும். 'எனக்கு என்ன லாபம், எழுதி அனுப்புங்கள்' என்று ஒருமுறை கேளுங்கள், அதற்கப்புறம் கூப்பிடுவதே குறைந்துவிடும்.

சரி, இதைப் படிப்பதற்குள் போனிலேயே 'சரி' சொல்லிவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். ஆனால் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் தவறுவது இங்கேதான். விற்பவர் தானாக உங்களைத் தேடி வந்து விற்றிருந்தால் (போனில் கூப்பிட்டிருந்தாலும், குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாலும், வாசலுக்கு வந்திருந்தாலும்) 5 வேலைநாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் எழுத்தில் ரத்து செய்யலாம். ஒப்பந்தம் ஆன நாள், போன் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து நாள் எண்ண வேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. நீங்களாகக் கடைக்கு நடந்துபோய் வாங்கியிருந்தால் இந்த உரிமை கிடையாது, 'மனசு மாறிவிட்டது' என்று போய் நிற்க முடியாது. அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால்? 'அதனால்தான் வந்தேன்' என்று வாதாட இடமுண்டு, ஆனால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மிஸ்டு கால் பார்த்து நீங்கள் திருப்பிக் கூப்பிட்டிருந்தாலும் தொடங்கியது அவர்கள்தான், அந்த அழைப்பின் பதிவையும் வைத்திருங்கள். இணையதளத்தில் நீங்களே ஆர்டர் போட்டு வாங்கினால் அது வேறு சட்டம்: பொருள் கைக்கு வந்து 7 நாளைக்குள் திருப்பலாம், அனுப்பும் செலவு உங்களுடையது. எதுவானாலும், முடிவு செய்யும்வரை பெட்டியின் முத்திரையைக் கிழிக்காதீர்கள். கிழித்துவிட்டால் பயன்படுத்தியதற்கு என்று பணம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

இனி அந்தத் துபாய் போன். 1,700 ராண்ட் மிச்சம் என்றால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். நம் அரசும் இந்த ஆசையைத் தூண்டிவிடுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் போன்கள் மேலிருந்த 9 சதவீத ஆடம்பர வரியை எடுத்தார்கள், ஆனால் 2,500 ராண்ட் வரையுள்ள மலிவுப் போன்களுக்கு மட்டும். நீங்கள் வாங்கப்போகும் நடுத்தரப் போன் இன்னமும் ஆடம்பரப் பொருளாம், 15 சதவீத வாட் தனி. பேங்க், சமூக உதவித்தொகை, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் போனில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் போனுக்கு ஆடம்பர வரி வசூலிப்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

ஆனாலும் அந்தக் கடையில் வாங்காதீர்கள். தயாரிப்பாளரின் அனுமதி இல்லாமல் இறக்குமதியான போனுக்கு இங்குள்ள சாம்சங் சர்வீஸ் நிலையத்தில் வாரன்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது. வேறு நாட்டுக்காக மென்பொருள் ஏற்றிய போனில் இங்குள்ள நெட்வொர்க்கின் 4ஜி வழிப் பேச்சு (வோல்ட்டி என்பார்கள்) வேலை செய்யாமல் போகவும் கூடும். பழைய 2ஜி, 3ஜியை மூட வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்துவிட்டது. மூடிய பிறகு வோல்ட்டி இல்லாத போனில் வாட்ஸப் ஓடும், சாதாரண அழைப்பு போகாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாத போன் எதற்கு? இப்படி வந்த சரக்கு என்று கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டும் என்று சட்டம் கடைக்காரருக்குச் சொல்கிறது. நீங்கள் கேட்ட கடையில் அப்படி ஒரு அட்டை தொங்கியதா?

பழைய போன் வாங்கலாமா என்று அடுத்த யோசனை வரலாம். நான் வேண்டாம் என்பேன். கான்ட்ராக்டில் எடுத்த போனைப் புதுசாகவே விற்றுவிட்டு மாதத் தவணையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சில மாதம் கழித்து அந்தப் போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) தடைப்பட்டியலில் ஏறக்கூடும், ஏறினால் உங்கள் கையில் இருக்கும் போனில் எந்த சிம்மைப் போட்டாலும் நெட்வொர்க் கிடைக்காது.

இப்போது போனுக்கு வருவோம். உங்கள் தேவைக்கு ஏ36 கூட அதிகம், ஏ26 போதும். இரண்டும் 2025இல் வந்தவை. இரண்டுக்கும் ஆறு வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவதாக சாம்சங் சொல்லியிருக்கிறது. பேங்க் ஆப் வைத்திருப்பவருக்கு இதுதான் முதல் தகுதி, அப்டேட் நின்ற போன்களை வங்கிகள் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. பேட்டரி இரண்டிலும் 5,000 எம்ஏஎச், தண்ணீர்ப் பாதுகாப்பும் ஒரே அளவு. ஏ36 வேகமாக சார்ஜ் ஏறும், திரை கொஞ்சம் மேல். ஆனால் ஏ36இல் மெமரி கார்டு போட முடியாது, ஏ26இல் போடலாம். 64 ஜிபி நிரம்பித் தவிக்கிற உங்களுக்கு அது ஒன்றே போதும். ஃபுல் எச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 7, 8 ஜிபி எடுக்கும். காவடி ஊர்வலத்தை முழுவதும் எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு வகுப்புக்கு வீடியோவே வேண்டாம், வாய்ஸ் ரெக்கார்டரில் எடுத்தால் ஒரு மணி நேரம் சுமார் 60 எம்பிதான் ஆகும், அக்காவுக்கும் சுலபமாக அனுப்பலாம். கார்டைத் தெருவோரக் கடையில் வாங்காதீர்கள். 512 என்று அச்சடித்து உள்ளே 32 இருக்கும் போலிகள் ஏராளம்.

ஒன்று கவனியுங்கள்: ஏ14இல் இருக்கும் ஹெட்போன் துளை இந்த இரண்டிலும் இல்லை. வகுப்பில் கம்பி வைத்த மைக் மாட்டுகிறீர்கள் என்றால் டைப்-சி இணைப்பான் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டும். சார்ஜர் தலையும் பெட்டியில் வராது.

தங்கை மகனிடம் சொல்லுங்கள்: 108 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக எடுக்கும் படம் 12 மெகாபிக்சல்தான். ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் அது படத்தைத் தருகிறது. 50 மெகாபிக்சல் கேமரா நான்கை ஒன்றாக்கி அதே 12க்கு வந்து சேர்கிறது. விளக்கு வெளிச்சத்தில், கூட்டத்தில் கை ஆடும்போது உதவுவது ஓஐஎஸ் என்கிற நடுக்கம் தாங்கும் லென்ஸ். ஏ26, ஏ36 இரண்டிலும் அது உண்டு. ரெட்மி மோசமான போன் இல்லை, ஆனால் ரெட்மி நோட் 14 என்ற ஒரே பெயரில் 4ஜி ஒன்றும் 5ஜி ஒன்றும் இருக்கின்றன, உள்ளே இரண்டும் வேறு. எது என்று விற்பவருக்கே தெரியாத கடையில் வாங்க வேண்டாம். '16 ஜிபி ரேம்' என்று சொன்னால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 8+8 என்று இருக்கும். இரண்டாவது 8 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். தமிழ் டைப்பிங்குக்கு எந்தப் போனும் ஒன்றுதான், கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்தால் முடிந்தது.

மொத்தமாகப் பணம் புரட்ட முடியாவிட்டால், சில பெரிய கடைகளில் லே-பை உண்டா என்று கேளுங்கள். வட்டி இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, முடிந்ததும் போனை எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லி உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் பெட்டியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. 'எங்கள் பாலிசி ஏழு நாள்தான், முதலில் ரிப்பேருக்கு அனுப்புவோம்' என்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2011இல். இத்தனை வருடம் கழித்தும் கவுன்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பிரிவைச் சொல்லிக்கொடுக்க எந்த முதலாளிக்கும் நேரம் கிடைக்கவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டு 56ஆம் பிரிவு என்று சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் மறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் கிடையாது. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஆறு மாதத்துக்குள் வெளுத்துவிடக்கூடும், கடையை விட்டு இறங்குவதற்குள் அதைப் படம் எடுத்து உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்.