வன்னிச் சமதரையில் ஓடிப் பழகிய ஒருவர் சுவிஸ் மலை ஓட்டத்தில் ஓடலாமா?

கிளிநொச்சியில் இருப்பதாகவும், சுவிஸில் இருக்கும் சொந்தக்காரரிடம் போகும்போது அழகான மலைப்பாதை ஓட்டம் ஒன்றிலும் ஓட ஆசை என்றும், மலையே இல்லாத இடத்தில் இருந்து அதற்குத் தயாராக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நானும் கிளிநொச்சிதான். பேர்னில் இருக்கும் அக்கா குடும்பத்தைப் பார்க்கப் போன இடத்தில் சியேர்–சினால் ஓட்டத்தில் ஓடினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

வாலே மாநிலத்தில் 1974 முதல் நடக்கும் ஓட்டம் அது. ஓகஸ்ட் மாதத்தில் வரும். 31 கிலோமீற்றர் தூரம். 585 மீற்றர் உயரத்தில் இருக்கும் சியேர் நகரில் தொடங்கி, 2,425 மீற்றர் வரை ஏறி, 1,680 மீற்றரில் இருக்கும் சினால் கிராமத்தில் முடிகிறது. கூட்டிப் பார்த்தால் ஏற்றம் 2,200 மீற்றர், இறக்கம் 1,100 மீற்றர். ஸ்பெயினின் பெயர்பெற்ற மலை ஓட்டவீரர் கிலியான் ஜோர்னெற் 2024 இல் இதை 2 மணி 25 நிமிடம் 34 செக்கனில் ஓடி முடித்தார். அந்த வேகக்காரர்கள் தனியாகப் பிறகு புறப்படுவார்கள். நம்மைப் போன்றவர்களுக்குச் 'சுற்றுலா' என்றே ஒரு பிரிவு உண்டு. அது விடியுமுன் புறப்பட்டுவிடும். கட்டாயம் அதில் பதியுங்கள். முன்னுக்கு நேரம் நிறைய இருக்கும், நின்று பார்க்கலாம். நம் ஊர் நேரம் அங்கத்தைய கோடை நேரத்தைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னே ஓடுவதால், போன புதிதில் அந்த வேளைக்கு எழும்புவதும் கஷ்டமாக இருக்காது.

ஏற்றத்தின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, முன்னால் போகிறவரின் குதிக்கால்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கே யாரும் ஓடுவதில்லை. முழங்காலுக்கு மேலே கையை ஊன்றி, தொடையை அழுத்தி அழுத்தி நடக்கிறார்கள். அந்த நடையும் ஓட்டத்தின் ஒரு பகுதிதான், அதைத் தனியாகப் பழக வேண்டும். ஷான்டோலன் கிராமத்துக்கு வரும்போது காடு விலகுகிறது. வீட்டு வாசல்களில் நின்று மாட்டு மணியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுகிறார்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் இலக்கத் துண்டில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, 'அலே, அலே' என்று கூப்பிடுகிறார்கள். என் நீளப் பெயரைப் பாதியில் விடாமல் முழுதாகச் சொல்லி முடித்த ஒரு அம்மாவுக்கு நின்று நன்றி சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அதற்குப் பிறகு பாதை மலையின் விலாவில் ஏறி இறங்கிப் போகிறது. வைஸ்ஹோர்ன், சினால்ரொட்ஹோர்ன், ஓபர்காபல்ஹோர்ன், மற்றர்ஹோர்ன், டென் பிளான்ஷ் என்று 4,000 மீற்றரைத் தாண்டிய ஐந்து சிகரங்களும் இந்தப் பாதையில் தெரியும். சாய்ந்த வெயில் பனியில் பட்டுத் தெறிக்க, காலடியில் நாவல் நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். இதற்காகத்தான் அங்கே போகிறோம். அதனால் அந்த இடத்துக்குக் களைத்து விழாமல் வந்து சேரும் அளவுக்குப் பலம் எடுத்துக்கொண்டு போங்கள். நேரத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை, அந்தச் சிகரங்களைத் தலை நிமிர்ந்து பார்க்கும் தெம்பைத்தான் மதிக்கிறேன்.

சரி, சமதரையில் இருந்து வருகிறவரை மலை எங்கே சோதிக்கும்? எல்லோரும் ஏற்றத்தைச் சொல்வார்கள். என் அனுபவத்தில் இறக்கம்தான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். தசை நார்களை நுணுக்கமாகக் கிழிப்பது இந்த வேலைதான். வலியும் அன்றைக்கு வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துப் படி இறங்கும்போது தெரியும். நல்ல விஷயம் என்னவென்றால், ஒருமுறை இப்படி நொந்து ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு பாதிக்கப்படாது. ஆகவே கடைசி வன்மையான இறக்கப் பயிற்சியை ஓட்டத்துக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் முடித்துவிடுங்கள்.

இரணைமடுக் குளக்கட்டு இதற்கு நன்றாக உதவும். கட்டின் மேலே நீளமாக ஓடலாம். இடையிடையே, ஆள் நடந்து தேய்ந்த சரிவுத் தடங்களில் கையைத் தொடையில் ஊன்றி ஏறி, சின்னச் சின்ன அடி வைத்து வேகமாக இறங்குங்கள். ஒரு ஏற்றம் ஒரு நிமிடம்கூட வராது, ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால் தொடை சொல்லும். வீட்டில் ஒற்றைக் காலில் நின்று படியில் இருந்து மெதுவாகக் கீழிறங்கும் பயிற்சி செய்யுங்கள். கிறவல் பாதையில் ஓடினால் கணுக்கால் உறுதியாகும். சோளகக் காலத்து வெயிலில் அளவோடு ஓடுவதும் வீண் போகாது. சூட்டுக்குப் பழகிய உடம்பில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'காட்டு ஓட்டம் பழகுகிறேன்' என்று வன்னிக் காட்டுக்குள் புதுத் தடம் தேடிப் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. சனங்கள் தினமும் போய்வரும் பாதையை விட்டு விலக வேண்டாம். மண்டையோட்டுப் பலகையோ சிவப்புக் குறியோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். காட்டோரப் பாதைகளில் நன்றாக விடிந்த பிறகு ஓடுங்கள், இருட்டில் யானை நிற்பது கிட்டப் போகும் வரை தெரியாது.

கடதாசி வேலை பற்றிச் சுருக்கமாக. சுவிஸ் போக எடுக்கும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி கேட்பார்கள். மலை ஓட்டப் போட்டியும் மலையில் இருந்து மீட்கும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசாவுக்கு என்று மலிவாக எடுக்கும் காப்புறுதிகளில் போட்டி விளையாட்டை விலக்கி வைத்திருப்பது சாதாரணம். அங்கே அம்புலன்ஸ் இலக்கம் 144, போனில் பதிந்து வையுங்கள்.

சப்பாத்தை இங்கேயே வாங்கி, கிறவலில் நன்றாகப் போட்டுப் பழக்கிவிட்டுக் கொண்டு போங்கள். கடைசி இறக்கத்தில் வேரும் கல்லுமாக இருக்கும், விரல் முன்னால் போய் இடிக்காத அளவில் இருக்க வேண்டும். ஓகஸ்ட் என்றாலும் மேலே குளிர்காற்று அடிக்கும், மெல்லிய ஜக்கெற் ஒன்று இடுப்பில் இருக்கட்டும். வழியில் தரும் இனிப்பு ஜெல் எல்லோருடைய வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. நான் எள்ளுருண்டையும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பைக்கற்றும் கொண்டு போனேன். அத்தான் முதலில் சிரித்தார், பிறகு அவரே பாதி எள்ளுருண்டையைச் சாப்பிட்டு முடித்தார்.

உயரம்தான் மிச்சம். 2,400 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவு, மூச்சு வாங்கும். முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்த் தங்குங்கள். அதற்கு முன் இங்கே ஒருமுறை சிவனொளிபாதமலை ஏறி இறங்குங்கள். 2,243 மீற்றர், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், இறக்கப் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் நாட்டில் இல்லை. பருவம் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடிந்துவிடும், மழைக்காலத்தில் படி வழுக்கும். ஆகவே சித்திரை விடுமுறையிலேயே போய்விட்டு வாருங்கள்.