பத்தாயிரம் ரூபாய்க்குள் கிண்டில் வாங்கலாமா? பழையது போதுமா?

மொபைலில் படித்துக் கண் எரிகிறது, பத்தாயிரத்துக்குள் கிண்டில் (அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி) மாதிரி ஏதாவது வாங்கலாமா, பழையது கிடைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன், நீங்கள் படிக்கப்போகும் புத்தகங்கள் எந்தக் கோப்பு வடிவில் இருக்கின்றன என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் வாங்கி முழித்தவன் நான்.

என்னுடைய முதல் கருவி 2019-இல் வந்த ஆறு அங்குல கிண்டில். தெரிந்தவர் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்தார். வந்த அன்றே, ஆர்க்கைவ் (archive.org) என்ற இணைய நூலகத் தளத்திலிருந்து இறக்கி வைத்திருந்த ஸ்கேன் பிடிஎஃப்களை எல்லாம் அதில் ஏற்றினேன். முதல் பக்கத்தைத் திறந்தால் எழுத்து ஒவ்வொன்றும் எறும்பு. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போகிறது. நகர்த்தினால் திரை ஒருமுறை கறுத்து வெளுத்து, அப்புறம்தான் அடுத்த துண்டு வருகிறது. மூன்று பக்கத்தில் பொறுமை போய்விட்டது.

அது கருவியின் குறை அல்ல. கிண்டிலின் திரை மின்தாள் (இ-இங்க்) என்ற வகை. அதில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் அங்கேயே நின்றுவிடும், நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். வாரக்கணக்கில் சார்ஜ் நிற்பது இதனால்தான். இழுத்து நகர்த்தினால் திணறுவதும் இதனால்தான். பக்கம் பக்கமாகத் திருப்பிப் படிப்பதற்கென்றே செய்த பொருள் அது.

சரி, பிடிஎஃப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று, மின்னூல்களை வடிவம் மாற்றும் காலிபர் மென்பொருளில் போட்டேன். ஸ்கேன் என்றால் அது வெறும் படம், மாற்ற ஒன்றுமில்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை குப்பையாக வந்தன. இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் உள்ள பிடிஎஃப் ஒன்றில் ‘கோவில்’ எல்லாம் ‘ேகாவில்’ ஆகியிருந்தது. முந்நூறு பக்கம் அப்படிப் படிக்க முடியுமா?

அதனால் நீங்கள் படிக்கப்போவது பெரும்பாலும் ஸ்கேன் பிடிஎஃப் என்றால் ஆறு அங்குலக் கருவியை வாங்கவே வாங்காதீர்கள். பத்து அங்குல மின்தாள் கருவிகள் உண்டு, ஆனால் அவை உங்கள் பட்ஜெட்டில் வராது. அந்தக் காசுக்குச் சாதாரண டேப்லெட் ஒன்றை வாங்கி, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் படிப்பதே மேல்.

கிண்டில் கடையில் வாங்கும் தமிழ் நூல்கள், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தின் இலவச இபப் (திரைக்கேற்ப வரி மடங்கும் மின்னூல் வடிவம்) கோப்புகள் இவைதான் உங்கள் தீனி என்றால் ஆறு அங்குலம் தாராளம். ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸில் கிடைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: இபப் கோப்பைக் கேபிள் வழியாகக் கிண்டிலுக்குள் போட்டால் நூலகத்தில் காட்டாது. ‘சென்ட் டு கிண்டில்’ என்ற அமேசான் சேவை வழியாக அனுப்ப வேண்டும், அல்லது காலிபரில் மாற்றி ஏற்ற வேண்டும். கிண்டிலுக்குப் போட்டியான கோபோ கருவிகள் இபப்பை நேரடியாகவே திறக்கும். அது பெரிய நிம்மதி. ஆனால் இங்கே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு, பழுதானால் யாரிடம் போவது என்ற கேள்வி வரும்.

பழைய மாடல் போதுமா என்பதற்கு வருகிறேன். 2019 மாடலின் திரை அங்குலத்துக்கு 167 புள்ளிகள், 2022 மாடலில் 300. ஆங்கிலம் மட்டும் படிப்பவர்கள் 167-ஐச் சமாளித்துவிடுவார்கள். தமிழுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எழுத்தைச் சிறிதாக வைத்தால் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி அழுக்கு மாதிரி ஆகிவிடும். ணகரத்தின் சுழிகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். 2022 மாடல் இங்கே 9,999 ரூபாய்க்கு அறிமுகமானது. அதுவோ அதற்குப் பிந்தியதோ உங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கிண்டிலிலேயே விலை கூடிய வகையான பேப்பர்வைட்டில், 2021 முதல் வந்த மாடல்களில் திரை பெரிது, தண்ணீர் பட்டாலும் தாங்கும், வெளிச்சத்தை மஞ்சளாக்கலாம். இரவில் நிறையப் படிப்பவர் என்றால் அந்த மஞ்சள் ஒன்றுக்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம். தண்ணீர் விஷயம் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை.

பழையதுதான் வாங்குவேன் என்றால், முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து கருவி நீக்கப்பட்டுவிட்டதா என்று நேரில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். திரையில் மெல்லிய கோடு ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

கையோடு கெட்டியான உறையும் வாங்கிவிடுங்கள். என்னுடையதைப் பையில் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துத் திணித்து பஸ்ஸில் போனேன். இறங்கி எடுத்துப் பார்த்தால் கீழ்ப்பாதியில் நான் கடைசியாகப் படித்த பக்கம் அப்படியே நிற்கிறது, மேல்பாதி முழுக்கக் கோடு. என்ன அழுத்தியும் அந்தப் பாதிப் பக்கம் போகவில்லை. உள்ளே இருப்பது கண்ணாடி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். திரை மாற்ற ஆகும் செலவுக்கு இன்னொன்றே வாங்கலாம் என்றார் கடைக்காரர்.

வாங்கினேன். இப்போது அது அப்பாவிடம் இருக்கிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்து, ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வரியாகப் படிக்கிறார். ‘சும்மா சும்மா தட்டிக்கிட்டே இருக்கணும்டா’ என்பது மட்டும்தான் அவருடைய புகார்.