மகன் செங்கடல் வழியாகப் போகிறான்: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

மேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் சரக்குக் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். அடுத்த ஒப்பந்தம் வந்துவிட்டது, கப்பல் செங்கடல் வழியாகப் போகலாம் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். "கப்பலைத் தாக்கும் ஏவுகணைச் சோதனை வெற்றி, குறி தப்பவில்லை என்று டிவியில் அடிக்கடி காட்டுகிறார்கள். குறி தப்பாது என்றால் சண்டை போடுகிறவர்கள் கப்பலில்தானே விழ வேண்டும்? சம்பந்தமில்லாத சரக்குக் கப்பலில் ஏன் விழுகிறது? பிள்ளையை அனுப்பலாமா? அனுப்புவதற்கு முன் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?" இதுதான் அவர் கடிதம்.

போவதா வேண்டாமா என்பதை உங்கள் மகன்தான் முடிவு செய்ய வேண்டும் அம்மா. ஆனால் சில விஷயங்கள் எழுத்தில் வராமல் அவர் சைன் ஆன் செய்யக் கூடாது, அதாவது கப்பலில் சேரக் கையெழுத்துப் போடக் கூடாது. அவற்றைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அது புரிந்தால்தான் எதைக் கேட்பது என்று தெரியும்.

இந்த ஏவுகணையை விடுகிறவர் கண்ணுக்கு இலக்குக் கப்பல் தெரிவதில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இன்ன இடத்தில் ஒரு கப்பல் இருக்கும் என்று கணக்குக் கொடுத்து அனுப்புகிறார். அது கடல் மட்டத்தை ஒட்டித் தாழ்வாகப் பறந்து போகும். அந்த இடத்தை நெருங்கியதும் அதன் மூக்கில் உள்ள ரேடார் விழித்துக்கொண்டு முன்னால் இருக்கும் கடலைத் துழாவும். அந்த ரேடாருக்குக் கொடி தெரியாது, கப்பலின் பெயர் தெரியாது. அதற்குக் கிடைப்பது எதிரொலி ஒன்றுதான். பெரிய இரும்பு பெரிய எதிரொலி கொடுக்கும். உங்கள் மகன் போகும் சரக்குக் கப்பல் ஒரு போர்க்கப்பலைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கலாம்.

நம் நாட்டுச் சோதனை ஒன்றே இதற்குச் சாட்சி. 2025 பிப்ரவரி 25 அன்று ஒடிசாவின் சாந்திப்பூரில், கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டரிலிருந்து குறுகிய தூரக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை ஒன்றை விட்டார்கள். அது முதலில் பெரிய இலக்கைத்தான் பிடித்துக்கொண்டது. ஏவுகணை அனுப்பிய படத்தைப் பார்த்து, மறைவாக இருந்த சிறிய இலக்குக்கு அதைத் திருப்பியவர் விமானி. கடைசி நேரத்தில் மனிதக் கண் ஒன்று பார்த்துத் திருப்பும் வசதி இருந்தால் தவறு குறையும். பழைய வகை ஏவுகணைகளில் அந்த வசதி கிடையாது. விட்டால் விட்டதுதான்.

டிவியில் வரும் 'வெற்றி' பொய்யில்லை. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய் போர் விமானப் படைப்பிரிவைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஐஎன்எஸ் பிரபல் விட்ட ஏவுகணை ஒரு பழைய போர்க்கப்பலைத் துளைத்த காணொளியை நாமெல்லோரும் பார்த்தோம். ஆனால் சோதனைக்கு முன் என்ன நடக்கிறது என்பது அந்தக் காணொளியில் வராது. குறிப்பிட்ட கடல் பகுதிக்கு யாரும் வர வேண்டாம் என்று மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை போகும். இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதிக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுக்கும் பொறுப்பு டேராடூனில் உள்ள நம் கடற்படையின் நீர்வரைவியல் அலுவலகத்துடையது. வங்காள விரிகுடாவில் கப்பலில் வாட்ச் பணியில் இருக்கும்போது அந்த எச்சரிக்கை அச்சாகி வரும் நாவ்டெக்ஸ் தாள் வந்தால், வரைபடத்தில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் அடைத்துவிட்டுத்தான் நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் ஒன்று மட்டும் மிதக்கும்போது அதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அழகர் இறங்கும் நாளில் வைகைக்குள் ஒருவரைத் தேடிப் பாருங்கள். சோதனைக்கும் போருக்கும் உள்ள தூரம் அதுதான்.

காலி செய்த கடலிலும் தவறு நடந்திருக்கிறது. 1988 டிசம்பரில் ஹவாயின் காவாய் தீவை ஒட்டிய அமெரிக்கச் சோதனைப் பகுதியில் ஒரு பயிற்சி. விமானத்திலிருந்து ஹார்ப்பூன் ஏவுகணை ஒன்றை விட்டார்கள். இந்தியர்களுக்குச் சொந்தமான ஜக்விவேக் என்ற சிறிய சரக்குக் கப்பல், எச்சரிக்கை வந்து சேர்வதற்கு முன்பே துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருந்தது. வழி தவறி அந்தப் பகுதிக்குள் வந்துவிட்டது. ஏவுகணை தனக்கு வைத்த இலக்கை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டது. முனையில் வெடிமருந்துகூட இல்லை, வெறும் டம்மிதான். ஆனாலும் ஒரு மாலுமி செத்துப்போனார். ஒரு எச்சரிக்கைத் தாள் நேரத்துக்குக் கைக்கு வராததன் விலை அது. இந்தச் சம்பவத்தை ஒவ்வொரு புது கேடட்டுக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

போர் என்றால் வேறு கதை. 1967 அக்டோபரில் எகிப்தின் சிறு படகுகள் இஸ்ரேலின் ஐலத் போர்க்கப்பலை மூழ்கடித்தபோதுதான் உலகம் இந்த ஆயுதத்தைக் கவனித்தது. நான்கே ஆண்டுகளில் நம் கடற்படை கராச்சிக்கு அதே வகை ஏவுகணைகளை எடுத்துப்போனது. 1971 டிசம்பர் 8 இரவு ஐஎன்எஸ் வினாஷ் 4 ஏவுகணைகளை விட்டது. ஒன்று கேமாரி எண்ணெய்க் கிடங்கில் விழுந்தது, ஒன்று பாகிஸ்தான் கடற்படையின் டாக்கா என்ற எண்ணெய்க் கப்பலில். மற்ற இரண்டும் விழுந்தது பனாமா கொடி பறந்த கல்ஃப் ஸ்டார், பிரிட்டனின் ஹர்மாட்டன் என்ற வணிகக் கப்பல்களில். நம் வீரர்களின் துணிச்சலை நான் கொஞ்சமும் குறைத்துச் சொல்லவில்லை. இரவில், துறைமுகத்து வாசலில், ரேடார் திரையில் புள்ளிகளாகத் தெரியும் கப்பல்களில் எது யாருடையது என்று பிரிப்பது அவ்வளவு கடினம்.

போர்க்கப்பல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியும் சில நேரம் சரக்குக் கப்பலுக்கு வினையாகிறது. உலோகம் பூசிய மெல்லிய இழைகளைக் காற்றில் தூவி, ஏவுகணையின் ரேடாரை ஏமாற்றுவார்கள். 1973 அரபு-இஸ்ரேல் போரில் லடாக்கியா துறைமுகம் அருகே இஸ்ரேல் படகுகள் இப்படியும் மின்னணுக் குறுக்கீட்டாலும் சிரியாவின் ஏவுகணைகளை ஏய்த்து, ஒரு படகையும் இழக்காமல் திரும்பின. ஆனால் 1982 மே 25 அன்று, பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையிலான ஃபாக்லாந்து போரில் நடந்தது வேறு. ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் இழை தூவியது, ஏமாந்த 2 எக்ஸோசெட் ஏவுகணைகளும் அதைத் தாண்டிப் போய் அட்லாண்டிக் கன்வேயர் என்ற பெரிய சரக்குக் கப்பலைப் பிடித்தன. 12 பேர் இறந்தார்கள், கேப்டனும் அதில் ஒருவர்.

போர்க்கப்பலின் உயரமான ரேடாருக்கே, கடலுக்கு 5 மீட்டர் உயரத்தில் வரும் ஏவுகணை 27 கிலோமீட்டர் தொலைவில்தான் தெரியத் தொடங்கும். மதுரைக்கும் மேலூருக்கும் இடையே உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வேக ஏவுகணை அதை ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும். பிரமோஸ் மாதிரி வேகமானதற்கு அரை நிமிடம் போதும். சரக்குக் கப்பலில் அந்த அரை நிமிட எச்சரிக்கையும் கிடைக்காது. அதன் ரேடார் வேறு கப்பலோடு மோதாமல் இருப்பதற்காக வைத்தது.

செங்கடலில் நடந்ததில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாமே ஆள் மாறி விழுந்தவை அல்ல. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் தாழப் பறக்கும் ஏவுகணை, மேலிருந்து பாயும் பாலிஸ்டிக் ஏவுகணை, டிரோன், ஆளில்லாப் படகு என்று எல்லாவற்றையும் கொண்டு வணிகக் கப்பல்களையே குறிவைத்தார்கள். 2024 ஜனவரி 26 அன்று மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. அதில் இருந்தவர்களில் 22 பேர் இந்தியர்கள். ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போய்த் தீயணைப்பில் உதவியது, எல்லோரும் பிழைத்தார்கள். மார்ச் 6 அன்று ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் 3 மாலுமிகள் இறந்தார்கள், உயிர் தப்பியவர்களை ஐஎன்எஸ் கொல்கத்தா மீட்டது. ஜூன் 12 அன்று டியூட்டர் என்ற கப்பலின் பின்புறத்தில் ஆளில்லாப் படகு மோதி இன்ஜின் ரூமுக்குள் வெள்ளம் புகுந்தது. உயிர் போனது இன்ஜின் ரூமில் இருந்தவருக்கு. உங்கள் மகனும் இன்ஜின் ரூமில் வேலை செய்பவர் என்பதால்தான் அம்மா, கஷ்டமாக இருந்தாலும் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சரி, இனி கேட்க வேண்டியவை. முதலில் ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல்., அதாவது மாலுமிகளை வேலைக்கு அனுப்ப அரசு தரும் உரிமத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரக இணையதளத்தில் சரிபாருங்கள். உரிமம் இல்லாத ஏஜென்ட் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மதுரையில் டீக்கடை மாடியில் அறை எடுத்து, பணம் வாங்கிக்கொண்டு பையன்களைக் கப்பலுக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபத்தான கடலுக்கு ஆள் கிடைக்காத கப்பல்தான் அவர்களிடம் வரும்.

அப்புறம் கப்பலின் ஐ.எம்.ஓ. எண். பெயர் மாறும், கொடி மாறும், அந்த 7 இலக்க எண் மாறாது. அதை வைத்து உரிமையாளர் யார், அதே கம்பெனியின் மற்றக் கப்பல்கள் எந்தத் துறைமுகங்களுக்குப் போகின்றன என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். 2025 ஜூலையில் மூழ்கடிக்கப்பட்ட மேஜிக் சீஸ், எடர்னிட்டி சி இரண்டுக்கும் ஹூதிகள் சொன்ன காரணம், அந்தக் கம்பெனிகளுக்கு இஸ்ரேல் துறைமுகங்களோடு தொடர்பு இருக்கிறது என்பதுதான்.

வழி எது என்று நேராகக் கேட்கட்டும்: சூயஸா, ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியா? சுற்றிப் போனால் ஐரோப்பாவுக்குப் பத்து நாளாவது கூடும். அதனால் சில கம்பெனிகள் கடைசி நேரத்தில் முடிவை மாற்றும். 'வழி மாறினால் எனக்கு எப்போது சொல்வீர்கள், அப்போது நான் இறங்கிக்கொள்ளலாமா' என்பதுதான் உயிர்நாடியான கேள்வி. ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் தொழிற்சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் சேர்ந்து செய்துகொண்ட ஐ.பி.எஃப். ஒப்பந்தம் உள்ள கப்பலாக இருந்து, அந்தக் கடலைப் போர்ப் பகுதி என்று அவர்கள் அறிவித்திருந்தால், போக மறுக்கும் உரிமை மாலுமிக்கு உண்டு. கம்பெனி செலவில் வீடு திரும்பலாம், 2 மாத அடிப்படைச் சம்பளமும் இழப்பீடாகக் கிடைக்கும். போகச் சம்மதித்தால் அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு, மரணத்துக்கும் ஊனத்துக்கும் இழப்பீடும் இரட்டிப்பு. இந்த ஒப்பந்தம் இல்லாத கப்பல்களும் நிறைய ஓடுகின்றன. அப்படியென்றால் இதே வாசகங்களைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். போர்ப் பகுதிப் பட்டியல் அவ்வப்போது மாறும், ஆகவே சைன் ஆன் செய்யும் வாரத்தில் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

கப்பலில் ஏறிய பிறகு அவர் கேப்டனிடமும் சீஃப் இன்ஜினியரிடமும் கேட்க வேண்டியது வேறு. கடற்கொள்ளையர் வந்தால் ஒளிந்துகொள்ள நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் அறையைப் பல கப்பல்களில் தயாராக வைத்திருப்பார்கள். சிட்டாடல் என்போம். ஏவுகணைக்கும் ஆளில்லாப் படகுக்கும் அது சரியான இடமில்லை, தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். நீர்மட்டத்துக்கு மேலே, கப்பலின் நடுவில், வெளிச்சுவரிலிருந்து தள்ளி ஓர் இடம் வேண்டும். அந்தக் கடலைக் கடக்கும் மணிநேரங்களில் இன்ஜின் ரூமில் குறைந்தபட்சம் எத்தனை பேர், எந்த ஏணி வழியாக வெளியே வருவது, புகை சூழ்ந்தாலும் அந்த வழியைக் கையால் தடவி வர முடியுமா என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழக வேண்டும். 1987-ல் அமெரிக்காவின் ஸ்டார்க் போர்க்கப்பலில் விழுந்த முதல் எக்ஸோசெட் வெடிக்கவே இல்லை. மிச்சமிருந்த எரிபொருளே கப்பலுக்குள் சிதறி எரிந்தது. இரண்டாவது வெடித்தது, 37 பேர் இறந்தார்கள். வெடிப்பில் தப்பியவரைப் புகை பிடித்துக்கொள்ளும். தீயணைப்புப் பயிற்சியை ஒப்புக்குச் செய்துவிட்டுக் கையெழுத்துப் போடும் கப்பலா என்பது ஏறிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்கென்று ஒரு விஷயம் அம்மா. கப்பல் எங்கே போகிறது என்று போனில் ஆப் வைத்துப் பார்ப்பீர்கள். அந்தப் பகுதியில் சில கப்பல்கள் தங்கள் அடையாளக் கருவியை அணைத்துவிட்டுப் போகும். ஜிபிஎஸ் குறுக்கீட்டால் கப்பல் தரையில் இருப்பது போலவும் காட்டும். புள்ளி மறைந்தால் கப்பல் மூழ்கிவிட்டது என்று அர்த்தமில்லை. எந்தெந்த நாள் பேச முடியாது என்று மகனிடம் முன்பே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒப்பந்த நகல், பாஸ்போர்ட், சி.டி.சி. (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்) நகல்கள், கப்பலின் ஐ.எம்.ஓ. எண், கம்பெனியின் இரவு நேரத் தொலைபேசி எண், மும்பையில் தலைமை இயக்குநரகத்தின் 24 மணி நேர மையத்தின் எண், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தெரிந்த ஒருவரிடம், பக்கத்து வீட்டுத் தம்பியோ ஸ்கூல் டீச்சரோ, அந்த உறை எங்கே இருக்கிறது என்று சொல்லியும் வையுங்கள்.