உள்ளே தங்கிய ஆணி

கேள்வி: 1998 பிப்ரவரி 14 அன்று கோவை குண்டுவெடிப்பில் என் மாமாவுக்குத் தொடையில் காயம். இப்போது முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? அத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தால் யாருக்கு முதலில் படம் எடுப்பார்கள்?
- வாசகி, குடியாத்தம்

பதில்: வேலூரில் 31 வருஷம் எக்ஸ்ரே அறையில் நின்றவன் நான், அம்மா. குண்டுவெடிப்பைப் பார்த்ததில்லை. பள்ளிகொண்டா பக்கம் பஸ் கவிழ்ந்து ஒரே ராத்திரியில் நாற்பது பேர் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சி.டி. மிஷின் ஒரு நிமிஷத்துக்குள் உடம்பு முழுவதையும் படம் பிடித்துவிடும். ஆளைத் தூக்கிக் கிடத்தி, குழாய்களைச் சரிசெய்து, திரும்ப இறக்கத்தான் நேரம் போகும். அதனால் முதலில் அல்ட்ராசவுண்ட். இதயத்தைச் சுற்றி, கல்லீரலடி, மண்ணீரல் பக்கம், அடிவயிறு என்று நாலு இடம் பார்க்க மூணு நிமிஷம் போதும். தேங்கிய ரத்தம் கறுப்பாகத் தெரியும். பி.பி.யும் இறங்கினால் சி.டி.க்குக் காத்திருக்க மாட்டார்கள், நேரே ஆபரேஷன் தியேட்டர்தான். அன்றைக்குக் கத்தியவர்களெல்லாம் பிழைக்கக் கூடியவர்கள். பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்து தண்ணீர் கேட்ட பையனின் வயிற்றில்தான் ரத்தம். அந்தக் கறுப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று, பெயர். அன்று ஒரே பெயரில் இரண்டு பேர், படம் மாறியிருக்கும். அதற்குப் பிறகு மணிக்கட்டில் நம்பர் கட்டாமல் யாரையும் நான் உள்ளே விட்டதில்லை.

குண்டில் கூடுதல் ஆபத்து ஆணியும் பால்ரஸும். 2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் வெடித்த குக்கர் குண்டுகளில் அவைதான் இருந்தன. அங்கே 3 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு வந்த எல்லோரும் பிழைத்தார்கள். மேலே கடுகளவு ஓட்டை இருக்கும், ஆணி ஒரு சாண் தள்ளிக் கிடக்கும். காயத்தின் வாயில் பேப்பர் கிளிப்பை ஒட்டி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு எக்ஸ்ரே எடுத்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியும். கண்ணாடிச் சில்லும் பெரும்பாலும் தெரியும். மரச்சிராய் தெரியாது, அதற்கும் அல்ட்ராசவுண்ட்தான்.

உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உள்ளே இரும்புத் துண்டு தங்கியிருந்தால் அசையலாம், சூடாகலாம். வெடித்து எத்தனை வருஷம் ஆனால் என்ன, குண்டுவெடிப்பில் காயம் பட்டதை அங்கே இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். தொடைக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்து அவர்களிடம் காட்டட்டும். சில்லு தெரிந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதை ரேடியாலஜி டாக்டர் முடிவு செய்வார். அதுவரை அந்த அறைக்குள் அவரை அனுப்பாதீர்கள்.