விரைப்பை வலி சூட்டு வலியா? பையன்களைப் பெற்றவர்களின் கேள்விகளுக்குக் குழந்தைகள் அறுவை மருத்துவரின் பதில்கள்

நான்கு மாத மகனுக்கு ஒரு பக்கம் விரை தட்டுப்படவில்லை. காத்திருக்கலாமா? – ஒரு தாய், பல்லடம்

ஆறு மாதம் வரை காத்திருக்கலாம், அம்மணி. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இப்படி இருக்கும். பலருக்குத் தானே இறங்கிவிடும். அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும். வெந்நீரில் குளிப்பாட்டும்போது மட்டும் கீழே வந்து, குளிர்ந்தால் மேலேறும் விரைக்குக் கத்தி வேண்டாம். வருடம் ஒருமுறை காட்டினால் போதும்.

எட்டு மாதக் குழந்தைக்கு விரைப்பை வீங்கியிருக்கிறது. காலையில் சிறிதாக, மாலையில் பெரிதாக. – ஒரு தந்தை, கோபி

நீர் கோத்திருக்கலாம். மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்துவிட்டால், இரண்டு வயது வரை பொறுக்கலாம். அழும்போது தொடையிடுக்கில் புடைத்தால் அது குடலிறக்கம், தானாகச் சரியாகாது. புடைப்பு கெட்டியாகி, குழந்தை வாந்தியும் எடுத்தால் அன்றே, அப்போதே கிளம்புங்கள்.

பதின்மூன்று வயது மகன் நள்ளிரவில் வலியால் துடித்தான். என் மாமியார் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். விடிவதற்குள் நின்றுவிட்டது. – ஒரு தாய், பெருந்துறை

வலி நின்றதால்தான் எனக்குக் கவலை. விரையைத் தாங்கும் நாளம் முறுக்கிக்கொண்டு, தானே அவிழ்ந்திருக்கலாம். அடுத்த முறை அவிழாமல் போகலாம். முறுக்கினால் இரத்தம் போகாது. ஆறு மணி நேரத்துக்குள் திறந்து சரிசெய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் எடுத்துவிடத்தான் வேண்டும். வலி இல்லாவிட்டாலும் இந்த வாரமே காட்டுங்கள். இன்னொன்று: பையன்கள் வெட்கப்பட்டு வயிற்று வலி என்றுதான் சொல்வார்கள். அடிவயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றால் கால்சட்டையை இறக்கிப் பாருங்கள்.

சூட்டு வலி நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக உள்ளது. எல்லாவற்றுக்கும் கத்தியா? – ஒரு பெரியவர், பொள்ளாச்சி

ஐயா, விளக்கெண்ணெயோடு எனக்குச் சண்டை இல்லை. அது கடிகாரத்தை நிறுத்தாது என்பதே என் சண்டை. எண்ணெய் வைத்து, தூங்க வைத்து, காலையில் பார்ப்போம் என்கிற இடத்தில்தான் விரை போகிறது. எண்ணெயை வண்டியில் ஏறிய பிறகு வையுங்கள்.

அப்படியானால் என் தாத்தா காலத்தில் எல்லோரும் விரையை இழந்தார்களா? – அதே பெரியவர்

சிலர் இழந்திருப்பார்கள். ஒன்று சுருங்கிப்போனவர் திண்ணையில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், ஐயா. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் விரையின் மேலுள்ள சிறு ஒட்டுத்துண்டு முறுக்கிக்கொள்வதும் உண்டு. அது ஓய்வில் ஆறும். உங்கள் எண்ணெய்க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் வாசலில் நின்று பிரித்தறிய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

நாங்கள் தாளவாடி. இரவில் வலி வந்தால்? – ஒரு தந்தை

108-ஐ அழையுங்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதைவிடக் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் பக்கம். மாநில எல்லை பார்க்க வேண்டாம்.

பத்து வயது மகனுக்குக் காலையிலிருந்து விரை வலி. நாளை காட்டலாமா? – காங்கேயம்

மேலே படிக்கவில்லையா? எழுந்து கிளம்புங்கள்.

பதினைந்து வயது மகனுக்கு இடப்பக்கம் நரம்பு சுருண்டு புழுக்கூட்டம்போல் தட்டுப்படுகிறது. – கரூர்

இரத்தநாளப் புடைப்பு. அவசரமில்லை; அந்த விரை சிறுத்துவிட்டதா என்று அளந்து பார்க்க வேண்டும். வலப்பக்கம் மட்டும் என்றால் விரைவாகக் காட்டுங்கள்.

உயரம் வளர மாவு? – திருப்பூர்

என் துறை இல்லை.

மருத்துவமனைக்குப் போகும் முன் மகனுக்குப் பால் கொடுக்கலாமா? – ஈரோடு

வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வெறும் வயிறாக அழைத்து வாருங்கள். எப்போது வலி தொடங்கியது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.