கேள்வி–பதில்: சுரபுன்னை வேரில் கண்ணாடிக் குழல்கள்

புற்றுநோய் மருந்து தரும் கடல் பீச்சி ஒன்று அலையாத்திக் காட்டில் வாழ்கிறதாமே, பிச்சாவரத்தில் பார்க்கலாமா? (வாசகர், சிதம்பரம்)

கடல் பீச்சி என்பது ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நீரை உறிஞ்சி உடலுக்குள் இருக்கும் சல்லடையில் வடிகட்டி உண்ணும் விலங்கு. நீங்கள் சொல்வது எக்டினாசிடியா டர்பினாட்டா என்ற இனம். கரீபியன் கடலும் ஃப்ளோரிடாவும்தான் அதன் ஊர். மத்தியதரைக் கடலிலும் உண்டு. அதற்காகப் பிச்சாவரத்தில் படகு பிடிக்க வேண்டாம். ஆனால் அது ஒட்டி வாழும் மரம் நம் சுரபுன்னைக்குப் பங்காளிதான். நீரில் தொங்கும் முட்டு வேரில், ஆரஞ்சுச் சாயலோடு கண்ணாடிக் குழல்கள் கொத்தாகத் தெரியும். ஒவ்வொன்றும் 2 முதல் 2.5 செ.மீ. அடியில் கொடிபோல் ஓடும் தண்டு அவற்றை இணைக்கிறது. குளிர்ந்த கடலில் குழல்கள் வாடி உதிர்ந்தாலும் அந்தத் தண்டு தாக்குப்பிடித்து, நீர் சூடானதும் மறுபடி துளிர்க்கும்.

வேரிலும் எல்லா இடமும் சரிப்படாது. நீர் வற்றும்போது வெளியே தெரியும் பகுதியில் உலர்ந்து சாகும். சேற்றைத் தொடும் பகுதியில் வண்டல் படிந்து சல்லடை அடைபடும். அதனால் தரையைத் தொடாமல், எப்போதும் மூழ்கியிருக்கும் வேர்தான் அதற்கு வாய்ப்பான இடம்.

அசையாத இதை ஏன் முதுகெலும்பிகளுக்கு உறவு என்கிறார்கள்? (வாசகி, மதுரை)

குஞ்சைப் பார்த்தால் புரியும். தலைப்பிரட்டை வடிவம், வாலுக்குள் தண்டுபோல் தாங்கும் முதுகுநாண், மேலே நரம்புக்குழாய். இவை முதுகெலும்பிகளின் கருவிலும் உண்டு. தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து வெளிவரும் குஞ்சு உண்பதில்லை. கொஞ்ச நேரமே நீந்தும். தலையால் ஒட்டிக்கொண்டதும் வாலை உள்ளிழுத்துக் கரைத்துவிடுகிறது. தூரம் போகாததால்தான் ஒரே இடத்தில் மந்தையாகக் கிடக்கிறது. மீன் அந்தக் குஞ்சை வாயில் வாங்கிய வேகத்தில் துப்பிவிடும்: உள்ளே நச்சு. இன்னொரு விசித்திரம், இதயம் ஒரு திசையில் சிறிது நேரம் இரத்தத்தைத் தள்ளி, நின்று, பிறகு எதிர்த்திசையில் தள்ளும்.

அந்த மருந்துக்காக இதை அள்ளி அழித்துவிட மாட்டார்களா? (வாசகர், யாழ்ப்பாணம்)

அள்ளினாலும் கட்டுபடியாகாது. மருந்தின் பெயர் டிராபெக்டெடின். தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் மென்திசுப் புற்றுக்கு ஐரோப்பாவில் 2007-லும் அமெரிக்காவில் 2015-லும் அனுமதி பெற்றது. ஏறக்குறைய ஒரு டன் உயிரியிலிருந்து ஒரு கிராம்தான் தேறும். மென்திசுப் புற்றுக்கு வழக்கமான அளவு, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 1.5 மி.கி. 1.7 சதுர மீட்டர் உடலுக்கு ஒரு முறைக்கே இரண்டரைக் கிலோ பீச்சி வேண்டும். அதுவும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை. பண்ணையில் வளர்த்துப் பார்த்தார்கள், செலவு மிஞ்சியது. இப்போது சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்ற பாக்டீரியாவை நொதிகலனில் வளர்த்து, அது தரும் சேர்மத்தை வேதிமுறையில் மாற்றிச் செய்கிறார்கள். பொருத்தமான வழிதான், ஏனென்றால் பீச்சியின் நச்சான இந்த மருந்துப் பொருளும் அதன் சொந்தச் சரக்கல்ல. திசுவுக்குள் குடியிருக்கும் வேறொரு பாக்டீரியா தயாரிப்பது என்று மரபணு ஆய்வுகள் காட்டின. பெயர் மட்டும் பீச்சிக்கு.

கடல்நீர்த் தொட்டியில் கடல் பீச்சி வளர்த்தால் ஏன் சுருங்கிச் சாகிறது? (வாசகர், தூத்துக்குடி)

பெரும்பாலும் பட்டினி. அது தண்ணீரை உறிஞ்சி, கோழைவலையில் நுண்பாசியைப் பிடித்துத் தின்கிறது. உங்கள் வடிகட்டி அதே உணவைத்தான் எடுத்து வெளியே கொட்டுகிறது. உயிருள்ள நுண்பாசியைச் சிறிது சிறிதாக நாள் முழுவதும் விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சல்லடை அடைத்துக்கொள்ளும். ஒட்டிய கல்லோடு, நீருக்குள்ளேயே இடம் மாற்றுங்கள். பிய்த்தெடுத்தால் அடித்தோல் கிழிந்து அழுகிவிடும்.